நான்கு கணினி ஒன்றைவிட மெதுவாக ஓடுவது ஏன்? பகிர்ந்த நினைவகத்தில் செய்திகளைக் குறைப்பது பற்றி

கல்முனைப் பக்கத்திலிருந்து இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். கேள்வியின் சுருக்கம் இது: நான்கு சாதாரண கணினிகளை ஒரு சுவிட்சில் இணைத்து, அவற்றின் நினைவகம் முழுவதும் ஒன்றே என்று புரோகிராமுக்குத் தோன்றச் செய்யும் மென்பொருளை, அதாவது டிஎஸ்எம் ஒன்றை, ஓடவிட்டிருக்கிறார். ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் புரோகிராம். 1000க்கு 1000 கட்டங்கள், ஒவ்வொன்றும் 8 பைட் எண். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கட்டமும் அடுத்துள்ள கட்டங்களைப் பார்த்துத் தன் எண்ணை மாற்றிக்கொள்ளும். நெடுவரிசைகளை 250, 250 ஆக நான்கு கணினிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். விடை சரியாக வருகிறது. ஆனால் ஒரே கணினியில் ஓடுவதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடுகிறது. நெட்வேர்க்கில் போகும் செய்திகளை எப்படிக் குறைப்பது என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் புரோகிராமில் பிழை இல்லை, மென்பொருளிலும் பெரிய குறை இருக்காது. நினைவகத்தில் எண்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் நீங்கள் வேலையைப் பிரித்த விதமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதைச் சரிசெய்யும் வழியைக் கடைசியில் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் இந்தத் துறையில் முப்பது நாற்பது வருடமாக என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இன்று முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அவர்களும் முட்டினார்கள்.

நான் மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பிள்ளை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் வாவியைக் கடந்து போய் வந்துதான் வளர்ந்தேன். அந்தப் படகில் ஒரு ஆள் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் கடக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருப்பதும் கரை சேர்வதும்தான் செலவு, சுமை அல்ல. நெட்வேர்க்கும் அப்படியே. 4096 பைட் உள்ள ஒரு நினைவகப் பக்கம், அதாவது டிஎஸ்எம் ஒரே மூட்டையாகக் கொண்டுபோகும் நினைவகத் துண்டு, கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 33 மைக்ரோ செக்கனில் கம்பியைக் கடந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் இல்லை என்று உங்கள் கணினி கண்டுபிடித்து, இயங்குதளம் புரோகிராமை நிறுத்தி, கோரிக்கை அனுப்பி, மற்றக் கணினி தன் வேலையை விட்டுவிட்டு அதைக் கவனித்து, பதில் வந்து, பக்கத்தைத் திறந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கும் வரை போகும் நேரம் அதைவிடக் கூடுதல். ஆகவே முதலில் எண்ண வேண்டியது பைட்களை அல்ல, எத்தனை தடவை வாவியைக் கடக்கிறோம் என்பதை.

இந்த யோசனையை முதலில் செய்து காட்டியவர் காய் லி. யேல் பல்கலைக்கழகத்தில் 1986இல் முடித்த ஆய்வில், அப்பல்லோ கணினிகளின் மேல் ஐவி என்ற அமைப்பைக் கட்டினார். விதி எளிமையானது. ஒரு பக்கத்தை எத்தனை கணினியும் வாசிக்கலாம், ஆனால் எழுதுவது ஒரு நேரத்தில் ஒன்றுதான். எழுதப் போகும் கணினி முதலில் மற்ற எல்லாப் பிரதிகளையும் செல்லாதவை ஆக்க வேண்டும். எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் கடைசியாக எழுதியதே தெரியும். எல்லாருடைய வாசிப்பும் எழுத்தும் ஒரே வரிசையில் நடந்தது போலத் தோன்ற வேண்டும் என்று கணினி அறிவியலாளர் லம்போர்ட் 1979இல் வரையறுத்த வரிசை ஒழுங்கு இப்படிக் காப்பாற்றப்படுகிறது. புரோகிராம் எழுதுபவருக்கு இதைவிட நிம்மதி கிடையாது.

அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலைதான் உங்கள் நான்கு கணினிகளிலும் தெரிகிறது. இரண்டு கணினிகள் ஒரே பக்கத்தின் வெவ்வேறு மூலையில் எழுதுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எண் மற்றதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் பக்கம் ஒன்று என்பதால் அது இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். இதைப் பொய்ப் பகிர்வு என்பார்கள். இருவருக்கும் வேறு வேறு வயல், ஆனால் வரப்பு போடாததால் ஒரே உறுதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் உழ வேண்டுமென்றால் மற்றவரிடம் போய் உறுதியை வாங்கி வர வேண்டும். அவர் உழ வேண்டுமென்றால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இதை உடைத்ததில் பெரிய பங்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு. 1991இல் கார்ட்டர், பென்னட், ஸ்வானபூல் மூவரும் மூனின் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். அவர்கள் பிடித்த நூல் இது: ஒழுங்காக எழுதிய புரோகிராம் எதுவும் பகிர்ந்த டேட்டாவை, ஒரு நேரத்தில் ஒருவரையே அனுமதிக்கும் பூட்டான லொக்கை எடுக்காமலோ, எல்லாரும் வந்து சேரும் வரை நிற்கும் பாரியரைக் கடக்காமலோ பார்ப்பதில்லை. அப்படியென்றால் லொக்கை விடும் வரை நான் எழுதியதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நூறு தடவை எழுதினாலும் விடும்போது ஒரே தடவை சொன்னால் போதும். இந்தச் சிந்தனை ஸ்டான்ஃபோர்டின் டாஷ் கணினிக்காக 1990இல் வன்பொருளுக்கென்று வரையறுக்கப்பட்டது. மென்பொருளில்தான் அது இன்னும் அதிகம் பலன் கொடுத்தது, ஏனென்றால் இங்கே ஒரு செய்தியின் விலை அவ்வளவு கூட.

பொய்ப் பகிர்வுக்கு மூனின் கண்ட மருந்து எனக்கு இன்றும் பிடித்தது. ஒரு பக்கத்தில் முதல் தடவை எழுதும்போது அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்கு ட்வின் என்று பெயர். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. லொக்கை விடும் நேரத்தில் பக்கத்தையும் ட்வினையும் சொல் சொல்லாக (சொல் என்பது சில பைட் சேர்ந்த சிறு துண்டு) ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் ஒரு டிஃப் ஆகச் சுருட்டும். 4096 பைட்டில் 40 பைட் மாறியிருந்தால், அந்த 40 பைட்டும் அவை எங்கே இருக்கின்றன என்ற சிறு குறிப்பும்தான் போகும். இரண்டு கணினிகள் ஒரே பக்கத்தின் வெவ்வேறு இடங்களில் எழுதினால் இரண்டு டிஃப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடலாம். சண்டையில்லை. ஒரே சொல்லில் இரண்டு பேரும் லொக் இல்லாமல் எழுதினால்தான் பிரச்சினை. அது எந்தக் கணினியிலும் பிழையான புரோகிராம்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். சில மாணவர்கள் லொக்குக்குப் பதிலாகக் கொடி மாறி ஒன்றை வைத்துக்கொண்டு, அது 1 ஆகும் வரை சுற்றிச் சுற்றிப் பார்க்கும்படி எழுதுவார்கள். ஒரே கணினியில் பெரும்பாலும் அது ஓடிவிடும். இத்தகைய டிஎஸ்எம்மில் அது என்றைக்கும் முடியாமல் நிற்கலாம், ஏனென்றால் லொக்கோ பாரியரோ இல்லாமல் புதிய எண்ணை உங்களிடம் கொண்டுவரும் கடமை அந்த அமைப்புக்குக் கிடையாது. உங்கள் புரோகிராமில் அப்படி ஏதும் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, மூனினில் ஒரு குறை இருந்தது. லொக்கை விடும்போது அந்தப் பக்கத்தின் பிரதியை வைத்திருக்கும் எல்லாருக்கும் மாற்றத்தை அனுப்பிவிடும். அவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தை இனிப் பார்க்கவே மாட்டார்கள். அங்கேதான் கெலஹர், காக்ஸ், ஸ்வானபூல் 1992இல் சோம்பல் முறையைக் கொண்டுவந்தார்கள். சோம்பல் என்பது இங்கே புகழ்ச்சி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் செய்தி குறைப்பின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

நாலைந்து வயல்காரருக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பம்பி இருக்கிறது, அறையின் திறப்பு ஒன்றுதான். நான் வேலையை முடித்துவிட்டுத் திறப்பை வைத்திருக்கிறேன். நான் எந்த வாய்க்காலைத் திறந்தேன், எதை அடைத்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. அடுத்துத் திறப்பு கேட்டு வருபவரிடம் சொன்னால் போதும். எனக்கு முன் வைத்திருந்தவர் என்னிடம் சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். திறப்பே கேட்காதவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

லொக் என்பது அந்தத் திறப்பு. லொக்கை விடும்போது ஒரு செய்தியும் போகாது. அடுத்த கணினி லொக்கைக் கேட்கும்போது, லொக்கோடு சேர்த்தே எந்தெந்தப் பக்கங்கள் மாறியிருக்கின்றன என்ற பட்டியல் போகும். மாறிய எண்கள் போகாது, பட்டியல் மட்டும். அவரிடம் ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை ஒரு எண் வரிசை சொல்லிவிடும், கணினிக்கு ஒரு எண் வீதம். அதை ஒப்பிட்டு அவருக்குத் தெரியாததை மட்டும் சொல்லலாம். பட்டியலில் உள்ள பக்கங்களை அவர் செல்லாதவை என்று குறித்துக்கொள்வார். அவற்றில் ஒன்றை உண்மையாகவே தொட்டால்தான் டிஃப்பைக் கேட்டு ஆள் அனுப்புவார். டிஃப்பைச் செய்வதையும் யாராவது கேட்கும் வரை தள்ளிப்போடலாம். 1994இல் வந்த ட்ரெட்மார்க்ஸ் இதே முறையில் கட்டப்பட்டது. சாதாரண யுனிக்ஸ் கணினிகளில், இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலை மாற்றாமல், பயனர் மட்டத்திலேயே ஓடியது. 

ரைஸ் குழுவினர் தங்கள் அமைப்பை விளம்பரப்படுத்துவதோடு நிற்காமல், அதே புரோகிராம்களைப் பிவிஎம் என்ற செய்தி அனுப்பும் முறையிலும் எழுதி 1995இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ட்ரெட்மார்க்ஸ் எங்கே கூடுதல் செய்தி அனுப்புகிறது என்று காரணம் காரணமாகப் பிரித்தார்கள். செய்தி அனுப்பும் முறையில் ஒரு செய்தியே டேட்டாவையும் கொண்டுவரும், நான் முடித்துவிட்டேன் என்றும் சொல்லும். டிஎஸ்எம்மில் லொக் தனி, டேட்டா தனி. அத்துடன் டேட்டா தானாக வராது, ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். பொய்ப் பகிர்வு மிச்சம் இருக்கும். கடைசியாக, டிஃப் குவிதல். ஒரே எண்ணை நான்கு கணினியும் லொக் எடுத்து மாறி மாறி மாற்றினால், பின்னால் வருபவருக்கு ஒன்றையொன்று மூடும் பழைய டிஃப்கள் எல்லாம் வந்து சேரும், தேவையானது கடைசியானது மட்டும் என்றாலும். உங்கள் அமைப்பு எங்கே கசிகிறது என்று பார்க்க இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

டிஃப் குவிதலுக்கும், ஒரு பக்கத்துக்காகப் பல பேரிடம் ஓடுவதற்கும் நல்ல பதில் வீட்டுக் கணினி முறை. சௌ, இஃப்டோடே, முன்பு சொன்ன காய் லி மூவரும் 1996இல் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணினி வீடு. யார் எழுதினாலும் லொக்கை விடும்போது டிஃப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் உள்ளதை எறிந்துவிடலாம். யாருக்காவது பக்கம் தேவைப்பட்டால் வீட்டிடம் ஒரே ஒரு போய்வரவு, முழுப் பக்கமும் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் தண்ணீர் விசயம் என்றால் ஒவ்வொரு வயல்காரரையும் கேட்டுத் திரியமாட்டோம், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையைக் கேட்போம். அதே ஒழுங்கு. பைட் கொஞ்சம் கூடலாம், ஆனால் கடப்பது குறைகிறது. எழுதுபவரே வீடாக இருந்தால் ட்வினும் தேவையில்லை, டிஃப்பும் தேவையில்லை, ஒரு பைட்டும் அனுப்பத் தேவையில்லை. வீட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு பாதை, எந்த லொக் எந்த டேட்டாவைக் காக்கிறது என்று புரோகிராமிலேயே எழுதிவிடுவது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மிட்வே அப்படித்தான் செய்தது. லொக் வரும்போதே அதற்குரிய எண்களும் அதே படகில் வந்துவிடும். செய்தி குறைவது என்று பார்த்தால் இதை அடிக்க முடியாது. ஆனால் ஒரு இடத்தில் கட்ட மறந்தால் பழைய எண்ணோடு புரோகிராம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். லி குழுவினரின் வரம்பு ஒழுங்கு, அதாவது அதே லொக்கின் கீழ் எழுதியதை மட்டும் அடுத்தவருக்குக் காட்டும் முறை, நடுவில் நிற்கிறது. சீனாவில் செய்த ஜியாஜியா அதை வீட்டுக் கணினி முறையோடு சேர்த்து எளிமையாகக் கட்டியது.

இனி உங்கள் புரோகிராமுக்கு வருவோம். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மனம் பதைத்தது.

சி மொழியில் அணி, அதாவது உங்கள் கட்டங்களின் எண் அட்டவணை, கிடைவரிசையாகவே அடுக்கப்படும். ஒரு வரிசை 1000 எண், 8000 பைட். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரிசையில் 2000 பைட். பக்கம் 4096 பைட். அப்படியென்றால் 4096 பைட்டுக்குள் குறைந்தது மூன்று கணினிகளின் பங்கு வந்துவிடும், எங்கே வெட்டினாலும். அணி முழுவதும் 80 இலட்சம் பைட், ஏறக்குறைய 1953 பக்கம். அவ்வளவு பக்கங்களிலும் மூன்று பேர், சிலவற்றில் நான்கு பேர் எழுதுகிறார்கள். உங்கள் டிஎஸ்எம் ஐவி மாதிரியானது என்றால் ஒவ்வொரு பக்கமும் ஓயாமல் கைமாறும். ட்ரெட்மார்க்ஸ் மாதிரியானது என்றால் கைமாறாது, ஆனால் ஒவ்வொரு பாரியருக்குப் பிறகும் எல்லாரும் எல்லாப் பக்கத்துக்கும் மற்றவர்களிடம் டிஃப் கேட்டு நிற்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரக்கணக்கில் செய்திகள். அவற்றில் வரும் எண்களில் பெரும்பகுதியை யாரும் வாசிக்கப் போவதில்லை, எல்லையோரத்தில் இருக்கும் ஒற்றை நெடுவரிசையைத் தவிர.

நெடுவரிசையை விட்டுவிட்டுக் கிடைவரிசையாகப் பிரியுங்கள், ஆளுக்கு 250 வரிசை. இதோடு நிறுத்தினால் போதாது. 250 வரிசை என்பது 20 இலட்சம் பைட், அது 4096ஆல் மிச்சமின்றிப் பிரியாது, எல்லை ஒரு பக்கத்தின் நடுவில் விழும். ஆகவே வரிசையை 1000 எண்ணிலிருந்து 1024 ஆக நீட்டுங்கள். கடைசி 24 இடம் வெறுமனே கிடக்கட்டும். இப்போது ஒரு வரிசை 8192 பைட், சரியாக இரண்டு பக்கம். அணியின் தொடக்கத்தையும் பக்க எல்லையில் வையுங்கள். மொத்தத்தில் வீணாவது 1,92,000 பைட். அதற்கு ஈடாகக் கிடைப்பதைப் பாருங்கள்: எந்தப் பக்கத்திலும் இரண்டு பேர் எழுதமாட்டார்கள்.

நான்கு கணினிகளுக்கு இடையே மூன்று எல்லை. ஒவ்வொரு எல்லையிலும் இந்தக் கரையில் இருப்பவர் அந்தக் கரையின் ஒரு வரிசையை வாசிக்க வேண்டும், அவரும் இவருடையதை வாசிக்க வேண்டும். வரிசைக்கு இரண்டு பக்கம், ஆக எல்லைக்கு நான்கு பக்கம், மொத்தம் 12 பக்கம். கேட்க ஒன்று, பதில் ஒன்று என்று 24 செய்தி. பாரியருக்கு ஒரு கணினி தலைமை என்றால் மற்ற மூன்றும் வந்தேன் என்று சொல்ல 3, போகலாம் என்று சொல்ல 3. ஆக ஒரு சுற்றுக்கு 30. பழைய எண், புதிய எண் என்று இரண்டு அணி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் சுற்றுக்கு ஒரு பாரியர் போதும். நேரடியாகச் செய்தி அனுப்பும் முறையில் எழுதினால் எல்லைக்கு இரண்டு வீதம் 6 செய்தியில் முடியும், உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கிலிருந்து 30க்கு வந்தபிறகு அந்த வித்தியாசம் உங்கள் ஆய்வை முடக்காது.

30ஐயும் இறக்கலாம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை ஒரே கோரிக்கையில் கேட்க உங்கள் அமைப்பில் வழியிருந்தால் 24 செய்தி 12 ஆகும். எல்லை வரிசை வந்துகொண்டிருக்கும்போது நடுவிலுள்ள 248 வரிசைகளையும் கணக்கிட்டு முடித்துவிட்டு, ஓர வரிசைகளைக் கடைசியில் தொடலாம். இதற்கு எல்லைப் பக்கங்களை முன்கூட்டியே கேட்டுவைக்கும் வசதி வேண்டும். செய்தி குறையாது, காத்திருப்பு மறையும்.

உங்கள் புரோகிராமில் இரண்டு இடங்களை நான் சந்தேகப்படுகிறேன், திறந்து பாருங்கள். ஒன்று, சுற்று முடிந்ததா என்று அறிய எண்களின் மாற்றத்தை ஒரு பொது மாறியில் சேர்ப்பீர்கள். அதை ஒவ்வொரு கட்டத்துக்கும் லொக் எடுத்துச் சேர்த்தால், ஒரு சுற்றுக்கு பத்து இலட்சம் தடவை லொக். அவரவர் தங்கள் சொந்த மாறியில் கூட்டி, சுற்றின் முடிவில் ஒரு தடவை மட்டும் பொதுவில் சேர்க்க வேண்டும். அந்தப் பொது மாறி அணி இருக்கும் அதே நினைவகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது.

மற்றது தொடக்க எண்களை நிரப்பும் இடம். பெரும்பாலானோர் முதல் கணினியே அணி முழுவதையும் நிரப்பும்படி எழுதுவார்கள். முதலில் தொட்டவரை வீடாக வைக்கும் அமைப்பில் அவ்வளவு பக்கத்துக்கும் அந்த ஒரு கணினியே வீடாகிவிடும். பிறகு மற்ற மூன்று பேரும் ஒவ்வொரு சுற்றிலும் டிஃப்களை அங்கேதான் சுமந்துகொண்டு போக வேண்டும். மண்டூர்த் திருவிழா நாளில் துறையில் நிற்கும் சனம் போல அந்தக் கணினியின் வாசலில் கோரிக்கைகள் நிற்கும். அவரவர் 250 வரிசையை அவரவரே நிரப்பட்டும். வீடு தானாகவே சரியான இடத்தில் அமையும்.

இவ்வளவும் உங்கள் வெப்பக் கணக்குக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் யாருக்கு எது எப்போது தேவை என்பது முன்கூட்டியே தெரியும். முனைகளும் இணைப்புகளும் கொண்ட வரைபடங்களில் அலையும் புரோகிராம்களுக்கு, அடுத்து எந்தப் பக்கம் தொடப்படும் என்று யாருக்கும் தெரியாதவற்றுக்கு, இது போதாது. அங்கே டேட்டாவை வேலையிடம் கொண்டுவருவதைவிட வேலையை டேட்டாவிடம் அனுப்புவது நல்லது. நெதர்லாந்தில் செய்த ஓர்காவில் இந்த எண்ணம் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிராப்பா 2015இல் சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே செய்தியாக அனுப்பியது. அதே ஆண்டில் உப்சாலாவின் ஆர்கோ, மற்றக் கணினியின் செயலியைத் தொந்தரவு செய்யாமலே அதன் நினைவகத்தை எட்டும் ஆர்டிஎம்ஏ அட்டைகளை நம்பித் தன் முறையை அமைத்தது. ஆர்டிஎம்ஏ இல்லாத சாதாரண சுவிட்சில் அதன் பலன் கிடைக்காது, ஆகவே இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஆய்வறிக்கைக்கு ஒரு யோசனை. நேரத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒவ்வொரு கணினியிலும் எத்தனை பக்கத் தவறு (தேவையான பக்கம் கையில் இல்லாமல் நிற்பது) வந்தது, எத்தனை செய்தி போனது, மொத்தம் எத்தனை பைட் என்று மூன்று எண்ணியை வையுங்கள். நெடுவரிசைப் பிரிப்பு, கிடைவரிசைப் பிரிப்பு, 1024 ஆக நீட்டியது, அவரவர் நிரப்பியது என்று ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து எழுதுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. கடைசி மாற்றத்துக்குப் பிறகும் ஒரு சுற்றுக்கு 30ஐவிட மிகக் கூடுதலாகச் செய்தி போனால், எந்தப் பக்க எண்ணில் தவறு விழுகிறது என்று அச்சிட்டு எனக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் எந்த மாறி குடியிருக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.